மூன்றாம் நாள் காகிதம்

துக்கத்துக்கு விரித்த பாயைத் தூக்கிச் சுவரில் சாய்த்தாகிவிட்டது. மூன்று நாளாக வீட்டிலேயே தங்கியிருந்த என் தம்பி ஹர்மீனாவின் ஆவியை, எங்கள் கோயில் பாதிரியார் அபூனா தண்ணீர் தெளித்து ஜெபித்து வழியனுப்பிவிட்டார். எங்கள் நெற்றியில் விழுந்த தண்ணீர் இன்னும் காயவில்லை.

அதற்குள் வக்தி வந்துவிட்டான். கல்குவாரி முதலாளி லம்யியின் கையாள்.

வாசலில் நின்று, கிறிஸ்து உயிர்த்தார் என்றான். உயிர்ப்புப் பெருநாளான பாஸ்கா முடிந்து ஐம்பது நாள் வரை எங்களுக்கு இதுதான் வணக்கம். எதிரியே சொன்னாலும் பதில் சொல்லியாக வேண்டும். மெய்யாகவே உயிர்த்தார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னோம்.

சீனி போடாத துக்கக் காப்பியை இரண்டே மடக்கில் குடித்துவிட்டு ஆரம்பித்தான். இந்த ஐம்பது நாளுக்குள் சாகிறவன் பாக்கியசாலியாம். அவனுக்குப் பரலோகத்தின் கதவு திறந்தே கிடக்குமாம். செய்தி கேட்டு முதலாளி தேம்பித் தேம்பி அழுதாராம்.

"அப்ப அவரையும் இந்த அம்பது நாளைக்குள்ள அனுப்பி வைங்களேன்" என்றாள் பக்கத்து வீட்டு ஃபாயிக்கா.

வக்தி காதில் விழாதவன் போலத் தம்ளரைக் கீழே வைத்தான்.

லம்யி எருசலேம் போய் வந்தவர். ஊரே அவரை முகத்திஸ் என்று மரியாதையாகக் கூப்பிடும். கோயிலுக்குப் புது மணி வாங்கிக் கொடுத்தவர். கல் அறுக்கிற ரம்பத்துக்கு ஒரு புது கரண்ட் வயர் வாங்கிப் போட மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. வயர் தோலுரிந்து கிடக்கிறது என்று ஹர்மீனா மூன்று தடவை சொன்னான். சிலுவை போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டு என்று பதில் வந்தது.

இப்போது தேம்பித் தேம்பி அழுகிறாராம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற மனுஷன்.

அதே குவாரியில்தான் நானும் கல் அடுக்குகிறேன். அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் இந்த நேரத்திலும் வெள்ளைப் புழுதி எழும்பிக்கொண்டிருக்கிறது. அந்த வயருக்குப் பக்கத்தில் வேறு ஒருவன் நிற்கிறான்.

வக்தி சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். ஹர்மீனா நெஞ்சடைத்து இறந்தான், குவாரி மேல் எங்களுக்கு எந்தப் புகாரும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. மனைவி பெருவிரலை வைத்தால் போதுமாம். ஸ்டாம்ப் பேடையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

"நம்ம ஆளுங்களுக்குச் சாவு ஏதும்மா? தூங்குறான், அவ்வளவுதான். கடைசி நாள்ல புது உடம்போட எந்திரிச்சு வரப்போறவன். மண்ணாப் போற இந்த உடம்புக்காகப் போலீஸு கோர்ட்டுன்னு அலையணுமா?"

அப்பாவைப் புதைத்தபோதும் அம்மாவைப் புதைத்தபோதும் எங்களைத் தாங்கி நிறுத்திய வார்த்தை அது. அந்த வார்த்தையைக் கொண்டுவந்து, தோலுரிந்த வயரின் மேல் சுற்றப் பார்க்கிறான் இந்தப் பாவி.

அபூனா ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். கைச்சிலுவையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புது மணி அவர் கோயிலில்தான் தொங்குகிறது.

தம்பி மனைவி தமியானா ஸ்டாம்ப் பேடைத் தள்ளி வைத்தாள். காகிதத்தை மடியில் விரித்து வாசிக்கத் தொடங்கினாள்.

வக்தி இதை எதிர்பார்க்கவில்லை. சுவிசேஷத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்பதற்காகவே, முப்பது வயதுக்குமேல் கோயில் வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றவள் அவள். ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்து, உதடு அசைய வாசித்தாள். கடைசி வரி வரைக்கும் எல்லோரும் காத்திருந்தோம்.

முடித்ததும் அவள் வக்தியைப் பார்க்கவில்லை.

"அபூனா, உயிர்த்தெழுந்த அன்னிக்கு ஆண்டவர் சீஷங்க முன்னால வந்து நின்னாரே, அவரு கையில இருந்த காயம் மறைஞ்சு போயிருந்துச்சா?"

இல்லை என்று அபூனா தலையசைத்தார்.

"புது உடம்புலயும் அதை வச்சிருந்து காட்டினாருல்ல? இவரு உள்ளங்கை ரெண்டும் கருகிக் கிடந்துச்சு. நான்தான் துடைச்சேன். ஆண்டவரே மறைக்காதப்ப, இவரு காயத்தை மட்டும் நான் எதுக்கு மறைக்கணும்?"

அவள் அழவில்லை. குரல்கூட உயரவில்லை. போன வாரம் வரை, ஆண்கள் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவள்.

அபூனா எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வக்தி காகிதத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான். தமியானா அதை அவனிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினாள்.

"அத்தான், கீழ சாட்சின்னு ஒரு இடம் இருக்கு. அதை நீங்களே வாசிங்க. என்னால முடியல."

அதை வாசிக்க நான் குனிந்து பார்க்கக்கூடத் தேவையில்லை. தம்பி உள்ளே சில்லிட்டுக் கிடக்க, ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து, வேலை போய்விடும் என்று வக்தி காதோரம் சொன்னவுடனே நான் போட்டுக்கொடுத்த கையெழுத்து அது.

எழுந்து நின்றேன். நேரில் கண்ட சாட்சி என்பதை வாசித்தேன். அதன் கீழ் இருந்த என் பெயரையும், எங்கள் அப்பா பெயரையும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

பிறகு, என் தம்பி எப்படிச் செத்தான் என்பதை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.