வலித்தால் கையைத் தூக்குங்கள்

“அவளை மாதிரி ஒரு லூசு உலகத்துலயே கிடையாது,” என்றார் பல் டாக்டர். “இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க.”

நாற்காலியில் மல்லாந்திருந்த நீலச்சட்டைக்காரர் திறந்தார். முதல் பாதி தனக்கில்லை, இரண்டாம் பாதிதான் தனக்கு என்று புரிய அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“லூசுன்னு சொல்லாதீங்க டாக்டர். அவ எழுத்தாளர். அப்படித்தான் இருப்பா,” என்றாள் உதவிக்கு நின்றவள், எச்சில் உறிஞ்சும் குழாயை அவர் கன்னத்துக்குள் மாட்டிக்கொண்டே.

அவள் டாக்டருக்கு மச்சினி. கிளினிக்குக்குள் ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது கண்டிப்பான உத்தரவு. கோபமோ பரபரப்போ வந்தால் மட்டும் அந்த உத்தரவு காற்றில் பறந்துவிடும்.

பேச்சு ஒரு நாவலைப் பற்றி. பெயர் ‘போட்டியாளனே, போய்விடாதே’. ஒரே பதிப்பகத்துக்கு எழுதும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் எலியும் பூனையுமாக இருந்து, பிறகு காதலில் விழும் கதை. மச்சினி படித்துக்கொண்டிருந்ததை டாக்டர் பிடுங்கிப் படித்தார். அன்றிலிருந்து இருவருக்கும் ஆகவில்லை.

“ஊசி போட்டாச்சு, வலிக்காது. அப்படியும் வலிச்சா இடது கையைத் தூக்குங்க,” என்ற டாக்டர் துளைக்கும் கருவியைக் கையில் எடுத்தார். “நீயே சொல்லு. அவ புத்தகம் ஒவ்வொண்ணையும் இன்டர்நெட்ல கிழிகிழின்னு கிழிக்கிறானே ஒரு வாசகன், அவன் யாரு?”

நீலச்சட்டைக்காரரின் இடது கை விருட்டென்று உயர்ந்தது.

“அதுக்குள்ள வலிக்குதா? இன்னொண்ணு போட்டுடலாம்.” போட்டார். “அது நம்ம கதாநாயகனேதான்! பொய்ப்பேர்ல திட்டியிருக்கான். அது தெரிஞ்சும் அவனையே காதலிக்கிறா. லூசுன்னு சொல்லாம என்ன சொல்றது?”

“மாமா! திட்டினாலும் அவன் ஒருத்தன்தான் அவ எழுதினதை வரிக்கு வரி படிச்சவன். எங்க வீட்டுக்காரர் நான் அனுப்புற மெசேஜையே முழுசாப் படிக்கிறதில்லை. மூணு வரிக்கு மேல போனா கட்டைவிரலைக் காட்டிடுறார்!”

“ஆங்... ஆங்ங்...” என்றார் நீலச்சட்டைக்காரர்.

“பாத்தியா, சாரே ஆமாங்கிறார்,” என்றார் டாக்டர்.

“அவர் என்னைப் பாத்து ஆமான்னார்.”

கருவி மறுபடி ரீங்காரமிட்டது. அதற்கு மேல் குரல் எழுப்பினார் டாக்டர். “அப்போ அவன் லேப்டாப்பைக் கொண்டுபோய் ஏரியில போட்டாளே, அதுவும் நியாயமா?”

கை மீண்டும் உயர்ந்தது. இந்த முறை ஐந்து விரல்களும் விரிந்து ஆடின.

“ரொம்ப வலிக்குது போல. இன்னும் ஒண்ணு. இதுதான் கடைசி சார், இதுக்கு மேல போடக்கூடாது.”

“ஏரியில குதிச்சு எடுத்துட்டு வந்தவளும் அவதானே மாமா! அதை மட்டும் வசதியா மறந்துடுவீங்க. கடைசியில பரிசு மேடையில நின்னு, ‘இந்தப் பரிசு எனக்கில்லை, என்னைத் திட்டித் திட்டி எழுத வச்சவருக்கு’ன்னு சொல்லி அவன் கழுத்துல மெடலைப் போட்டாளே, அந்த இடத்துல நீங்க அழலை? அக்கா சொன்னா.”

“எனக்குச் சளி.”

அப்போதுதான் மச்சினி கவனித்தாள். நீலச்சட்டைக்காரரின் கண்ணோரத்திலிருந்து ஒரு துளி இறங்கிக் காதுக்குள் போய்க்கொண்டிருந்தது.

“மாமா... சார் அழறார்.”

கருவி நின்றது.

“மூணு ஊசிக்கு அப்புறம் வலிக்கவே வலிக்காதே,” என்றார் டாக்டர் குழப்பத்துடன்.

மச்சினி அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள். “வலிக்கு இல்லை. மெடல் சீனைச் சொன்னதும்தான் அழுதார். அந்தப் புத்தகத்துல எழுத்தாளர் போட்டோவே கிடையாது, புனைபெயர்தான். மாமா, எழுதினவர் வாயிலயே கையை விட்டுக்கிட்டு எழுதினதைத் திட்டியிருக்கீங்க!”

டாக்டரின் முகம் வெளிறியது. திரும்பி வந்தபோது குரலில் தேன் சொட்டியது. “சார், நான் சொன்னதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு. அந்த லூசு... அந்த அம்மா அற்புதமான பாத்திரம். நான் அழுதது நிஜம்.”

“நல்லாத்தான் சார் எழுதியிருக்கீங்க,” என்றாள் மச்சினியும். “ஆனா அவனோட அம்மாவை ஏன் ஊருக்கு அனுப்பிட்டு அப்படியே மறந்துட்டீங்க? கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிடலையே!”

நீலச்சட்டைக்காரர் எழுந்து உட்கார்ந்து வாய் கொப்பளித்தார். தண்ணீர் பாதி தொட்டியில் விழுந்தது, மீதி டாக்டரின் சட்டையில்.

“ஆ... ஆதி... ஆதிதான்...”

“ஆதியா? அதான் சார் உங்க நிஜப் பேரா?” மச்சினி சிலிர்த்துப்போனாள். “மாமா, ஒரு கையெழுத்து வாங்கிக்கட்டுமா?”

அவர் இல்லையென்று தலையை வேகமாக ஆட்டினார். மரத்துப்போன உதடுகளை விரல்களால் பிடித்து ஒட்டவைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார். “பாதி... பாதிதான் வாசிச்சிருக்கேன்! நான் எழுதலை டாக்டர். பல்வலியில ராத்திரியெல்லாம் எனக்குத் துணையா இருந்ததே அந்தப் புத்தகம்தான். வலிச்சதுக்கா கையைத் தூக்கினேன்? கதையைச் சொல்லாதீங்கன்னுதானே ஒவ்வொரு தடவையும் தூக்கினேன்!”

டாக்டர் நனைந்த சட்டையைத் துடைக்க ஆரம்பித்தார். மச்சினிதான் மனம் இளகி நீலச்சட்டைக்காரரின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

“விடுங்க சார், இன்னும் ஒண்ணும் குடிமுழுகிப் போயிடலை. அவங்க ரெண்டு பேருக்கும் திருட்டுத்தனமாக் கதை எழுதிக் கொடுத்ததே அந்தப் பதிப்பக முதலாளிதாங்கிறதை நாங்க மூச்சே விடலையே!”