கல்லறைக்கு மேலே ஒரு ட்ரோன்

கல்லறைத் திருநாள் சாயங்காலம். திண்டிவனம் கல்லறைத் தோட்டமெங்கும் மெழுகுவர்த்திகள் எரிகின்றன. மனைவியின் கல்லறை முன் அடைக்கலராஜ் மட்டும் நிற்கிறார். குளவிக் கூட்டம்போல இரைந்தபடி ட்ரோன் ஒன்று தாழ இறங்க, அதன் காற்றில் சாமந்தி இதழ்கள் சிதறுகின்றன. அவர் ஏற்றிய மெழுகுவர்த்தி அணைகிறது. "ஆளுங்க தலைக்கு மேல வுடக்கூடாதுன்னு தெரியாதா?" என்று கத்துகிறார். சுவரோரம் ரிமோட்டோடு நிற்கும் ஜெஸ்வின், "சாரி அங்கிள், சும்மா வீடியோ எடுத்துக்கினு இருந்தேன்" என்று அதை இறக்குகிறான். பக்கத்துக் கல்லறையைச் சுற்றி ஒரு குடும்பமே ஜெபமாலை சொல்கிறது. அவர்களுடைய சுடரில் தன் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்து மனைவியின் கல்லறையில் நட்டுவிட்டு, அடைக்கலராஜ் அவனிடம் வருகிறார். "எட்ட இருந்து ஒரு படம் எடுப்பா. துபாய்ல என் பசங்களுக்கு அனுப்பணும். அந்தக் கூட்டமும் சேந்து தெரியட்டும். நான் தனியா நிக்கிறேன்னு அதுங்க நெனைக்கக் கூடாது."