குடைக்குள்ளே யார்?

“அப்பா, இதுல பைக் ஓட்டுறது நீங்கதான?”

மகள் சரண்யாதேவி நீட்டிய செல்போனை ராஜபாண்டி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். ‘எங்க தெரு, எங்க போட்டோ’ வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ போட்டிருந்த பழைய படம். பழங்காநத்தம் கடைவீதி, அடைமழை, டீக்கடையில் ஒதுங்கி நிற்கும் கூட்டம், முந்தானையால் கூடையை மூடும் பூக்காரம்மா. நடுவே பைக்கில் சுருட்டைமுடி ராஜபாண்டி. பின்னால் ஒரு பெண், முகத்தைக் குடை மறைத்திருந்தது.

“அட, நானேதான்! எம்புட்டு முடி பாரு எனக்கு!” பூரித்துப்போனார்.

“பின்னாடி யாருப்பா?”

பூரிப்பு பொசுக்கென்று அடங்கியது.

“ஓரத்துல தேதி இருக்கு. உங்க கல்யாணத்துக்கு ஒரு வருசம் முந்தி.”

“யாராச்சும் லிஃப்ட் கேட்டிருப்பாக.”

“லிஃப்ட் கேட்டவங்க இடுப்பைச் சுத்தியா கை போடுவாங்க?”

சரண்யாவுக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். திருமங்கலம் செல்வக்குமாரைத்தான் கட்டுவேன் என்று மாதக்கணக்கில் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள். ‘காதல்ங்கிற பேச்சே நம்ம குடும்பத்துல கிடையாது’ என்று மனுஷர் மசியவே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வேறு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள். இன்றைக்கு விட்டால் பிறகு ஏது?

“அம்மாகிட்டக் காட்டிக் கேக்கவா?”

“அடியேய், குண்டைத் தூக்கிப் போட்டுறாத!” அடுக்களைப் பக்கம் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினார். “இப்ப என்ன, அந்தத் திருமங்கலத்துப் பயதான மாப்ள? ஞாயித்துக்கிழமை அவுக வீட்டாளுகளையே வரச் சொல்லு. அம்மா கண்ணுல மட்டும் இது படக்கூடாது.”

அவர் கண்முன்னாலேயே செல்வக்குமாருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, போனிலிருந்த படத்தை அழித்தாள் சரண்யா. அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

அழித்து என்ன செய்ய? தன் செல்போனோடு அம்மா பாண்டிமீனாவே அடுக்களையிலிருந்து வந்து நின்றாள்.

“ஏங்க, குரூப்புல இந்தப் போட்டோவப் பாத்தீங்களா?”

ராஜபாண்டிக்கு வேர்த்துக் கொட்டியது.

அம்மாவோ வெட்கமும் சிரிப்புமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கம்பி ஒடிஞ்ச எங்கப்பா குடை, அப்படியே தெரியுது பாருங்க! தையல் கிளாஸுக்குப் போறேன்னு வீட்டுல பொய் சொல்லிட்டு உங்க கூட வந்தேன்ல?”

“அட, அது நீயா!” ராஜபாண்டி நெஞ்சில் கைவைத்துப் பெருமூச்சு விட்டார்.

அம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

“பின்ன, எவளுன்னு நெனச்சீங்க?”