முகம் மட்டும் பாக்கி

"அசையாதடி! இடது தோள் இறங்குது பாரு."

சின்னவள் தோளை நிமிர்த்திக்கொண்டாள். முதுகு விண்விண்ணென்று தெறித்தது, மனமோ நிறைந்திருந்தது. பிறந்ததிலிருந்து அப்பா தன்னை இவ்வளவு நேரம் ஏறிட்டுப் பார்த்ததாக அவளுக்கு நினைவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு அப்பா எண்ணெய் ஓவிய வகுப்பில் சேர்ந்திருந்தார். சேலை மடிப்பையும் நிழலையும் தீட்டிப் பழக ஆளுயரப் பொம்மை ஒன்றை வாங்கச் சொன்னார் ஓவிய ஆசிரியர். "வீட்டுல இவ இருக்கும்போது பொம்மை எதுக்குங்க?" என்று அப்பா சொன்னது அவள் காதில் தேனாய்ப் பாய்ந்தது. அன்றே நீலச் சேலையைத் தேய்த்து வைத்துவிட்டாள்.

"உங்க அக்காவா இருந்தா இந்நேரம் நாலு தடவை எழுந்து ஓடியிருப்பா," என்றார் அப்பா, தூரிகையைத் துடைத்தபடி. "நீதான் அடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்க."

அக்கா கடல் கடந்து போனவள்; ஃபோனில்கூட அகப்படாதவள். அவளைவிடத் தான் ஒன்றில் தேறியதாக அப்பாவின் வாயால் கேட்பது இதுவே முதல்முறை.

"கையில இருக்கிற சூட்டுத் தழும்பையும் வரையப்போறீங்களாப்பா?"

"சே, அது எதுக்கு?"

அவருக்குக் காப்பி போடும்போது பட்ட சூடு அது. அப்பாவுக்குத்தான் எவ்வளவு பரிவு என்று அவள் உருகிப்போனாள்.

அடிப்பூச்சு காய்ந்தது, மேற்பூச்சு ஏறியது. கழுத்துவரை உயிரும் சதையுமாய் உருவம் திரண்டு வந்தது. அதற்கு மேல் வெறும் பழுப்பு வட்டம்.

"நாளைக்கு முகம். அதுக்கு நீ உக்கார வேண்டாம்."

"பார்க்காம எப்படிப்பா வரைவீங்க?"

"முகமா? அது எனக்கு மனப்பாடம்டி. கண்ணை மூடிக்கிட்டே போடுவேன்."

அவள் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆசை தீர அழுதாள்.

மறுநாள் மாலை அப்பா கூப்பிட்டதும், தலையை வாரிக்கொண்டு ஓடினாள். டர்பன்டைன் வாடை மூக்கைத் துளைத்தது. ஈரம் காயாத ஓவியத்தின் முன்னே, கண் கலங்க நின்றிருந்தார் அவர்.

அவள் பார்த்தாள். தழும்புக் கை தானாக முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது.

"உங்க அக்கா அப்படியே வந்துட்டா, இல்ல?"