பச்சைக் கோடு

"அம்மா, ஃபோனைச் சார்ஜுல போட்டு வைங்க. நானும் மாதுரியும் புராஜெக்ட் எழுதோணும்" என்று சொல்லிவிட்டுக் குளத்துக்குக் குளிக்கப் போனாள் கௌசிகா. பிணமாகத்தான் தூக்கி வந்தார்கள். காரியம் முடிந்த வீட்டில், ஜன்னல் வெளிச்சத்தில் அந்த ஃபோனைப் பிடித்திருக்கிறேன். அவளும் வகுப்புத் தோழி மாதுரியும் இணையத்தில் சேர்ந்து எழுதிய பக்கம் திறந்திருக்கிறது. மாதுரி அங்கே எழுதும் இடத்தைக் காட்டும், அவள் பெயரைத் தாங்கிய பச்சைக் கோடு முகப்பில் ஊர்ந்து, என் மகளின் பெயரை எழுத்தெழுத்தாக அழிக்கிறது. சாவன்று என் மடியில் விழுந்து அழுத பெண் இந்த மாதுரி. "ஏனுங்க, இங்க வந்து பாருங்க!" என்று கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே அதே ஃபோனில் மாதுரியை அழைக்கிறேன். "போட்டிக்கு அனுப்பறேன் ஆன்ட்டி. பரிசு வாங்க அவ வரமாட்டாளோல்லியோ?" என்கிறாள். அவள் வீட்டில் மிக்சி ஓடும் சத்தம் கேட்கிறது. பச்சைக் கோடு நிற்கவில்லை. கோப்பின் உரிமையாளர் என்ற இடத்தில், பள்ளிச் சீருடையில் இருக்கும் கௌசிகாவின் படம் மட்டும் அப்படியே இருக்கிறது.