கடி ஜோக்கும் இரைச்சல் சர்க்யூட்டும்

என் கடி ஜோக்குக்கு எங்கள் வீட்டில் சுவர்கூடச் சிரித்ததில்லை.

ஸ்பீக்கர்களைச் சோதிக்க அக்கா ஒரு இரைச்சல் சர்க்யூட் செய்தாள். ஒரு ஜீனர் டையோடு, இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு பேட்டரி, மாட்டிப் பார்க்க ஒரு ஸ்பீக்கர். அடைமழைபோல் ஏற்ற இறக்கமில்லாமல் இரைய வேண்டும், இரைந்தது.

நான் ஒரு ஜோக்கை ஆரம்பித்தேன். இரைச்சல் நின்றது. முடித்ததும் குபீரென்று இரட்டிப்பாக இரைந்தது.

“லூஸ் கனெக்‌ஷன்டா,” என்று மறுபடி சால்டர் வைத்தாள். அடுத்த ஜோக்குக்கும் அதே கதை.

“உன்னைவிட இதுக்கு ரசனை இருக்குக்கா!”

“வாயை மூடு. சாயங்காலத்துக்குள்ள இதைக் கொடுக்கணும்,” என்று பேட்டரியைக் கழற்றினாள்.

நான் விடவில்லை, மூன்றாவதையும் சொன்னேன். ஸ்பீக்கர் குலுங்கிக் குலுங்கி இரைந்தது. பேட்டரியைக் கையில் பிடித்தபடி, அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இன்னொன்னு சொல்லுடா,” என்றாள்.

ஸ்பீக்கர் உடனே அமைதியானது.