கறுப்புக் குண்டூசிகள்

காலை வெயில் ஜன்னல் வழியாகச் சுவர் அட்டவணைமேல் விழுகிறது. பாலத்தின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறத்தில் குண்டூசிகள். அஸ்திவாரத்துக்குச் சிவப்பு, தூணுக்கு நீலம், நடுநடுவே கறுப்பு. தலைநகர் லிலோங்வேயிலிருந்து வந்த நிதி அதிகாரி காம்வெண்டோ, தொப்பியைக்கூடக் கழற்றாமல், கறுப்பை மட்டும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி உள்ளங்கையில் போட்டுக்கொள்கிறார். மாவட்டத் திட்ட அதிகாரி எஸ்னாத் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறாள். "இழவுக்கு நாள் ஒதுக்கித் திட்டம் போட்ட முதல் ஆள் நீதாம்மா. யாரைச் சாகடிக்கப் போறே?" "யாரையும் இல்லீங்கய்யா. ஊர்ல சாவுன்னா எங்க கொத்தனாருங்க கரண்டியைத் தொட மாட்டாங்க." "இப்படி இழுத்தா வட்டி ஏறி, செலவு பலனைத் தாண்டிடும். பணம் வேற மாவட்டத்துக்குப் போயிடும்." "இதை எடுத்தா, சாவு வர்றப்ப வேலை தள்ளிப்போய்ப் பாதித் தூண்ல மழை பிடிச்சுக்கும். வேணும்னா அறுவடை முடிஞ்ச கையோட கல்லை இறக்கி, அதுல நாளை மிச்சம் பண்றேன். கறுப்புல கை வைக்காதீங்க." அவர் சிரித்தபடி கடைசி ஊசியையும் பிடுங்குகிறார். வெளியே அலுவலக மதில் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்த கலவை இயந்திரம் சட்டென்று நிற்கிறது. யாரோ இழவு வீட்டுக்கு அடையாளமாகப் பச்சைக் கிளைகளை ஒடித்துச் சாலையில் பரப்புகிறார்கள்; லாரி ஒன்று வேகம் குறைகிறது, சைக்கிள்காரர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார். கொத்தனார்கள் கரண்டிகளைக் கழுவி மதிலோரம் வைத்துவிட்டு நடக்கிறார்கள். அவர்கள் போகும் திசையில் பெண்களின் பாட்டு, அழுகையும் கலந்து, எழுகிறது. காம்வெண்டோவின் கை தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றுகிறது. எஸ்னாத் அவர்முன் கையை நீட்டுகிறாள். "ஊசியைக் குடுங்கய்யா."